ஒரு பாகமும் ஒரு முழமும்

ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறுமுனையை யோகன். நடுவில் எட்டடி நீளப் பலகை. குரோருட் போகும் டி-பானே, அதாவது ஒஸ்லோவின் சுரங்க ரயில், வேலை முடிந்து சனம் வீடு திரும்பும் நேரம். பலகையை நிமிர்த்தினால் கூரையில் இடிக்கிறது, கிடத்தினால் யாருடைய முழங்காலிலோ இடிக்கிறது. சாய்த்துப் பிடித்தபடி ஒவ்வொரு நிலையத்திலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தோம்.

இந்த ஊரில் ரயிலில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அன்று எல்லாரும் பார்த்தார்கள். எதிரில் இருந்த ஒரு பெண்மணி பொறுக்கமாட்டாமல், அலுமாரி செய்யப்போகிறீர்களா என்று கேட்டேவிட்டார்.

"இல்லை, துடுப்பு" என்றார் யோகன்.

அந்த அம்மா பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை பார்த்தார்.

யோகன் என் கணவர். பஸ் திருத்தும் பணிமனையில் வேலை. இலங்கையில் இருந்தபோது வீட்டு வரைபடம் கீறப் படித்தவர். ஊரார் பஸ்ஸையெல்லாம் திருத்துகிறவரின் கார் அந்த வாரம் பார்த்து வேறு யாருடைய பணிமனையிலோ படுத்துவிட்டது. அதனால்தான் பலகை ரயில் ஏறியது. வழியெல்லாம் இதைச் சொல்லிக் காட்டாமல் வந்ததற்கு எனக்கு ஒரு பதக்கம் தரலாம்.

பலகையில் ஒரு குறையும் இல்லை. கடையில் ஒவ்வொன்றாக உருவி எடுத்து, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்து, கணு உள்ளதையெல்லாம் தள்ளிவைத்து, கடைக்காரர் பெருமூச்சு விடும்வரை தேடிப் பிடித்த பலகை. மரத்தின் கோடுகள் முனையிலிருந்து முனைவரை நேராக ஓடவேண்டும், கணு இருந்தால் அந்த இடத்தில்தான் துடுப்பு முறியும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

குறை இருந்தது எங்கள் தலைக்குள். அதைப் பிறகு சொல்கிறேன்.

தோள்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் தையற்கடையைத் தெரியும். இன்று புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒஸ்லோவில் குரொன்லாண்ட் என்ற பகுதியில், ஒரு மரக்கறிக் கடைக்கும் கைபேசி திருத்தும் கடைக்கும் நடுவே, காற்சட்டை கட்டையாக்கி, சிப் மாற்றி, கல்யாண பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் சின்னக் கடை. பகல் முழுக்க என் கழுத்தில் அளவுநாடா தொங்கும். சில நாள் அதோடேயே வீட்டுக்கும் வந்துவிடுவேன்.

ஐம்பது வயதானபோது எனக்கு நானே ஒரு கயாக் வாங்கினேன். ஒருவர் மட்டும் இருந்து ஓட்டும் ஒடுக்கமான படகு. அதற்குச் சில வருடங்களுக்கு முன்தான் பெண்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்து, முதல் மாதம் குளத்தின் சுவரைக் கட்டிப் பிடித்தபடியே நின்று, ஒருவழியாக நீந்தப் பழகியிருந்தேன். பழகியதை வீணாக்க மனம் வரவில்லை.

கோயிலில் விசாரித்தார்கள். "உந்த வயசில உமக்கென்னத்துக்கு வள்ளம்? ஒரு சோடிக் காப்பு வாங்கியிருக்கலாமெல்லோ." காப்பைப் போட்டுக்கொண்டு தண்ணீர் மேல் போகமுடியாது என்று நான் சொன்னதை அவர்கள் ரசிக்கவில்லை.

இரண்டு கோடைகாலம் நன்றாகப் போனது. பிறகு என் வலது தோள் இறுகிவிட்டது. தலை வாரக் கை தூக்க முடியாது. அயன் பெட்டியை இடது கைக்கு மாற்றினேன். தோளுக்கு மேலே கையை உயர்த்தாதே, மெல்ல மெல்லத்தான் இளகும் என்றார் மருத்துவர். என்னிடம் இருந்த துடுப்போ இரண்டு பக்கமும் அகன்ற இலை கொண்டது. ஒரு பக்கம் தண்ணீரை வலிக்கும்போது மறுகை கண் மட்டத்துக்கு உயரவேண்டும். இரண்டு தடவை முயன்று பார்த்தேன். இரண்டு தடவையும் கரையில் இருந்து அழுதேன்.

படகு எங்கள் குடியிருப்பின் சைக்கிள் அறையில் தூசி பிடித்துக் கிடந்தது. அடுத்த டுக்னாடுக்கு முன், அதாவது எல்லாரும் கூடி வளவு துப்புரவாக்கும் நாளுக்கு முன், சைக்கிள் அல்லாத எதையும் எடுத்துவிட வேண்டுமென்று நிர்வாகக் குழு அறிவித்தல் ஒட்டியது. சைக்கிள் அல்லாதது என்று அங்கே கிடந்தது என் படகு ஒன்றுதான்.

பேர்கனில் வேலை பார்க்கும் மகள் அபி தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னாள். "ஸ்லாப் ஆவ், ஆறுதலா இருங்கோ அம்மா. ஓட்டாத படகை வச்சு என்ன செய்யப்போறீங்கள்? நான் நெற்றில விக்கிறதுக்கு அனொன்ஸ் போட்டுவிடுறன்."

போட்டும்விட்டாள். ஒரு சனிக்கிழமை வந்து பார்ப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். அபி சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் அவள்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

இவாலு

அந்த நாட்களில்தான் இவாலு என் கடைக்கு வந்தாள். கிரீன்லாந்துக்காரி, இங்கே ஒரு மருத்துவமனையில் தாதி. நாற்பத்தைந்து வயதிருக்கும். மேசையில் அவள் விரித்துப் போட்ட உடுப்பைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன்.

தடித்த ரப்பர் துணியில் தைத்த மேற்சட்டை. தலைக்கு மூடி உண்டு, முகத்தைச் சுற்றி இறுகும். மணிக்கட்டு இறுகும். இடுப்புக்குக் கீழே பாவாடைபோல் விரிந்து, கயாக்கில் ஆள் இருக்கும் துவாரத்தின் விளிம்போடு சேர்ந்து இறுகும். ஆளும் படகும் ஒரே உடுப்புக்குள். படகு கவிழ்ந்தாலும் உள்ளே ஒரு துளி போகாது. அந்தக் காலத்தில் இதைச் சீல் என்னும் கடல்நாயின் தோலில் பெண்கள் தைப்பார்களாம். இவளுடையதில் மணிக்கட்டுத் தையல் விட்டிருந்தது. நான் இத்தனை வருடத்தில் தைத்த எந்த உடுப்பும் ஒரு மனிதரைக் காப்பாற்றியதில்லை. அன்று கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

"என்ர பெயருக்கு எங்கட மொழியில தசைநார் நூல் எண்டு அர்த்தம். தைக்கிற நூல்" என்றாள். அவள் நோர்ஸ்கில், அதாவது நோர்வேஜிய மொழியில், பேசியதை நான் என் தமிழில் எழுதுகிறேன். நோர்ஸ்கில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான், அதனால் அவள் என்னை 'நீ' என்பதை வாசகர்கள் மரியாதைக் குறைவாக எடுக்கவேண்டாம்.

நான் என் தோளின் கதையைச் சொன்னேன். படகு போகப்போகும் கதையையும் சொன்னேன்.

"தோளிலயும் குறை இருக்கு, துடுப்பிலயும் குறை இருக்கு. துடுப்பை மாத்தலாம்" என்றாள்.

அடுத்த நாள் தன் துடுப்போடு வந்தாள். ஒரு துண்டு மரம், இரண்டு முனையும் ஒரே மாதிரி. இலை எங்கே தொடங்குகிறது, பிடி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் அகப்பைக் காம்பை நீட்டிவிட்டதுபோல் இருந்தது. இதாலேயா தண்ணீரைத் தள்ளுவது என்று கேட்டுவிட்டேன்.

இவாலு கதிரையில் இருந்தபடியே வலித்துக் காட்டினாள். கைகள் மடிக்குக் கிட்டவே இருந்தன. முழங்கை விலாவை விட்டு விலகவில்லை. இடுப்பும் முதுகும்தான் திரும்பின. நான் பார்த்ததெல்லாம் அவள் கை தோளுக்கு மேலே போகிறதா என்றுதான். போகவில்லை.

கிரீன்லாந்தில் துடுப்புச் செய்யும் அளவுக்கு மரம் வளர்வதில்லை. சைபீரிய ஆறுகள் கடலுக்குள் தள்ளிவிடும் மரங்கள் பனிக்கட்டியோடு சேர்ந்து வருடக்கணக்கில் மிதந்து வந்து கரை ஒதுங்கும். அவற்றைத்தான் எடுத்துச் செதுக்கினார்கள். பனிக்கட்டியில் மோதி மரம் சிதையாமல் இருக்க முனையிலும் ஓரத்திலும் எலும்பு பதித்தார்கள். ஒடுக்கமான இலை என்பதால் காற்று அதைப் பிடித்து முறுக்காது, தண்ணீரில் இறங்கும்போது சத்தம் கேட்காது. வேட்டைக்குப் போனவர்களுக்குச் சத்தம் கேட்டால் அன்று சாப்பாடு இல்லை. ஈட்டி எறியும் நேரம் துடுப்பைப் படகின் குறுக்கே செருகிவைத்தால் படகு ஆடாது. கவிழ்ந்தால், படகை விட்டு இறங்காமலே அதே துடுப்பால் தண்ணீரை அழுத்தி நிமிர்ந்துவிடுவார்கள். அந்தக் குளிரில் இறங்கி நீந்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

"எனக்கு இதெல்லாம் பிறப்பில வந்ததெண்டு நினைக்காத. சின்னனில நான் மோட்டர் படகிலதான் திரிஞ்சனான். முப்பது வயசுக்குப் பிறகு கிளப்பில சேர்ந்து, மூக்குக்குள்ள தண்ணி போய்ப் போய்ப் பழகினனான்" என்றாள்.

இங்கேயும் கரையோரமாக அவளுக்கு ஒரு கிளப் இருக்கிறது. அங்கே படகு வைக்க ஒரு தட்டு காலியாகக் கிடந்தது. "ஓட்டிற படகுக்குத்தான் இடம். தூசி பிடிக்கிற படகுக்கு இல்லை" என்று முதலே சொல்லிவிட்டாள்.

ஆறடிதான் பாகம்

எவ்வளவு நீளத்தில் செய்வது என்று கேட்டேன். அவள் எழுந்து நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள். "இந்த விரல் நுனியில இருந்து அந்த விரல் நுனி வரைக்கும். அதோட முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும் ஒரு துண்டு. நடுவில பிடிக்கிற இடம் தோள் அகலம். இலையின்ர அகலம், உன்ர கை கவ்வுற அளவு."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விரித்த கையின் அளவு பாகம். எங்கள் ஊரில் கிணற்றின் ஆழத்தையும் கடலின் ஆழத்தையும் அதில்தான் சொல்வார்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை முழம். பனிக்கடலில் இருந்த சனமும் நாங்களும் ஒரே கணக்கை வைத்திருந்திருக்கிறோம்! அவள் போனதும் போகாததுமாக யோகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, ஒரு பாகமும் ஒரு முழமும். அவ்வளவுதான் துடுப்பு."

"பாகம் எண்டா ஆறடி, முழம் எண்டா ஒண்டரை அடி. ஏழரை அடி" என்றார் யோகன், மூச்சு விடாமல்.

"அவ்வளவு நீளமோ?"

"பாகம் எண்டா ஆறடிதான். இதில என்ன கேள்வி? சின்ன வகுப்பில படிச்சதெல்லோ."

நானும் அதே வாய்ப்பாட்டைப் படித்தவள். சரியென்று தொலைபேசியை வைத்தேன். நான் ஐந்தடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறவள் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

அப்படித்தான் அந்தப் பலகை வீடு வந்தது. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சாமான் போட்டுவைக்கும் சின்ன அறையில் வேலை தொடங்கியது. தையற் சோக்கால் பலகையில் நடுக்கோடு கீறினேன். தோள் அகலத்தை என் பிளவுஸ் அளவிலிருந்து நானே குறித்தேன். யோகன் அறுத்தார், சீவுளியால் சீவினார். நடுப்பகுதியை முட்டை வடிவாக உருட்டி, இலையை ஓரத்துக்கு ஓரம் மெலிய விட்டோம். நான் இடது கையால் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்தேன். கடைசியில் ஆளிவிதை எண்ணெய். பல வருடங்களுக்குப் பிறகு நாங்கள் இருவரும் சமையலும் பில்லும் தவிர வேறொன்றைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை பிடித்தோம். சந்தோசமாக இருந்தது.

யாருடைய கை?

படகு பார்க்க ஆள் வருவதாகச் சொன்ன சனிக்கிழமைக்கு முந்திய வாரம், வேலை முடிந்து திருத்தி வந்த காரில் படகைக் கட்டிக்கொண்டு குவேர்வன்புக்தா கடற்கரைக்குப் போனோம். அது நகரின் தெற்குக் கோடியில் இருக்கிறது. இவாலு வந்து காத்திருந்தாள்.

இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. துடுப்பின் முனைகள் எங்கேயோ தூரத்தில் தண்ணீரைத் தேடின. ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் வானத்துக்குப் போனது. அதைக் கட்டுப்படுத்தக் கைகளை அகட்டினேன். அகட்டியதும் தோளில் நெருப்புப் பிடித்தது. திரும்பிவிட்டேன்.

"வித்துப்போடுவம்" என்றேன் யோகனிடம். "வாறவர் கொண்டு போகட்டும்."

யோகன் துடுப்பை வாங்கி மணலில் நிமிர்த்திப் பிடித்தார். இவாலு துடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது யாருக்குச் செய்தது?"

"எனக்குத்தான்."

"உனக்கோ? இதைப் பிடிக்கிற ஆளுக்கு ஆறடி உயரம் வேணும்."

யோகன் விளக்கினார். பாகம் என்றால் ஆறடி, முழம் என்றால் ஒன்றரை அடி என்று, நோர்ஸ்கில், மிகவும் பொறுமையாக. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"யாற்ற கையால?"

"ஒருத்தற்ற கையுமில்லை. பொதுவா" என்றார் யோகன்.

"நான் தாதியா எத்தினையோ கையைப் பிடிச்சிருக்கிறன். பொதுவான கையை இன்னும் காணேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழ வேண்டிய நேரத்தில் வந்த சிரிப்பு, நிறுத்தவே முடியவில்லை. அப்போதும் என் கழுத்தில் அளவுநாடா தொங்கிக்கொண்டிருந்தது, கடையிலிருந்து நேரே வந்ததால். ஊரிலுள்ள எல்லார் கையையும் அளந்து சட்டை வெட்டுகிறவள், தனக்கு என்று வந்தபோது வாய்ப்பாட்டைப் பார்த்து வெட்டியிருக்கிறேன்.

யோகன் என் கழுத்திலிருந்து நாடாவை உருவினார். கைகளை விரிக்கச் சொன்னார். இடது கை நேராக நீண்டது. வலது கை பாதியில் நின்றுவிட்டது.

"இடப்பக்கத்தை அளந்து ரெண்டால பெருக்குவம்" என்றார்.

"வேண்டாம். இண்டைக்கு நீளுற மட்டும்தான் அளவு. ரெண்டு கையாலயுமெல்லோ ஓட்டப் போறா" என்றாள் இவாலு.

கடைக்குச் சிலர் வருவார்கள். பத்து வருடத்துக்கு முந்திய பிளவுஸைத் தந்து, இதே அளவில் தையுங்கள், நான் மெலியப் போகிறேன் என்பார்கள். அப்படியே தைத்துக் கொடுத்தால் அது அலுமாரியில்தான் தொங்கும். இன்றைய அளவுக்குத் தையுங்கோ, இன்றைக்கே போடலாம் என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். நீளாத கையை அப்படியே நீட்டியபடி நின்றேன். யோகன் அளந்தார்.

வீட்டில் மரம் அறுக்கும் வாளை எடுத்தவர், அறுக்காமல் நின்றார். "வெட்டினாப் பிறகு நீட்டேலாது. உம்மட தோள் சுகமானா?"

"சுகமானா இன்னொண்டு செய்வம். அது நல்ல பிரச்சினைதானே?"

இரண்டு முனையிலும் ஒவ்வொரு துண்டு விழுந்தது. முனைகளை மறுபடி உருட்டி எண்ணெய் போட்டோம். விழுந்த துண்டில் ஒன்றைக் கூராக்கிக் கடையில் வைத்திருக்கிறேன். கொலர் மூலையைத் தள்ளி நிமிர்த்த அதைவிட நல்ல சாமான் கிடையாது.

சனிக்கிழமை

படகு வாங்க வருகிறவரைக் கடற்கரைக்கே வரச்சொல்லியிருந்தோம். அவர் வருவதற்கு முன்பே போய்விட்டோம். யோகனிடம் சொன்னேன்: "அந்தச் சிவப்பு மிதவை மட்டும் போய்த் திரும்புறன். தோள் நொந்தா, அவர் கொண்டு போகட்டும். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"நோகாட்டி?"

நான் துடுப்பைக் கையில் எடுத்தேன். பதிலைச் சொல்லிவிட்டால் நடக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

உயிர்காப்பு அங்கியை இறுக்கிக்கொண்டு தள்ளினேன். துடுப்பு என் மடிக்கு மேலே இருந்தது. இடுப்பைத் திருப்பினேன். இலை தண்ணீருக்குள் நழுவியது, சத்தமே இல்லை. மறுபக்கம். மறுபடியும். தோள் எப்போது கத்தும் என்று காதைக் கொடுத்துக்கொண்டே போனேன். பழைய துடுப்பில் இழுத்து இழுத்துப் போன படகு, இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது, ஆனால் நிற்காமல் போனது. மிதவை வந்தது. தோள் ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்ப வேண்டும் என்று சொல்லியிருந்தேன். திரும்பவில்லை. எதிரே தெரிந்த சின்னத் தீவுவரைக்கும் போனேன். அதன் பாறையைத் துடுப்பு முனையால் தொட்டேன். அங்கே நின்றிருந்த இரண்டு வாத்துகளிடம், "வந்திட்டன்" என்று சத்தமாகத் தமிழில் சொன்னேன். அவை விலகிப் போயின. எனக்கு அழுகை வந்தது, இந்த முறை கரையில் இல்லை.

அப்போதுதான் படகு வாங்க வருகிறவர் நினைவுக்கு வந்தார். நேரம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது.

கரையை நெருங்கும்போது தூரத்தில், படகு கட்டும் மரப் பாலத்தில், இரண்டு உருவங்கள் தெரிந்தன. அதில் ஒன்று, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றது. ஏதோ ஆபத்து, என்னை நிற்கச் சொல்கிறார்கள் என்று பயந்து வலிப்பதைச் சற்று நிறுத்தினேன். இன்னும் கிட்டப் போனதும் விளங்கியது. கைவிரித்து நின்றவர் உயரமான, தாடி வைத்த, எனக்கு முன்பின் தெரியாத நோர்வேஜியர். அவர் காலடியில் எங்கள் தேநீர்ப் போத்தலும், பாதி தின்ற வடையும். யோகன் அவர் முதுகுப் பக்கமாக நின்று, என் அளவுநாடாவை ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"படகு விக்கிறதுக்கில்லை எண்டு சொல்லிப்போட்டன்" என்று எனக்குக் கேட்கக் கத்தினார் யோகன். "நீர் மிதவையைத் தாண்டேக்கையே சொல்லிப்போட்டன். ஆள் கோவிக்கேல்லை. துடுப்பை எங்கை வாங்கினதெண்டு கேட்டார்."

நான் படகைப் பாலத்தோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன்.

"அப்ப எவ்வளவு? ஆறடியோ?"

யோகன் நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"கொஞ்சம் பொறும். ஆளை இப்பதானே அளக்கிறன்."